புதிய பெண்கள் அணிக்குப் பிள்ளைகளை எப்படிச் சேர்ப்பது? அவுஸ்திரேலியாவில் என்ன விதி வைத்தார்கள்?

மஸ்கெலியா_மைதானம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. பின்னேரத்தில் தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். எங்கள் வட்டாரத்தில் இப்போது மூன்று பெண்கள் அணிகள் இருக்கின்றன. மைதானம் சின்னது, அதனால் ஏழு பேர் ஆட்டம்தான். தை, மாசியில் மழை விட்டிருக்கும்போது போட்டி வைப்போம். அப்போது சிவனொளிபாதமலை சீசனும் நடக்கும். நல்லதண்ணி ரோட்டில் போயா (பௌர்ணமி) வாரத்தில் பஸ் ஏறவே முடியாது, அந்த நாட்களை மட்டும் விட்டுவிடுவோம்.

இந்த முறை இன்னும் இரண்டு தோட்டங்களிலிருந்து அணி போடுகிறோம் என்று வந்திருக்கிறார்கள். இதை விட நல்ல செய்தி எனக்கு வேறு இல்லை. ஆனால் பிள்ளைகளை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் இப்போதே சண்டை வந்துவிட்டது. போன வருஷம் ஒரு அணி, பெயர் வேண்டாம், பூட்ஸ் வாங்கித் தருகிறோம் என்று சொல்லி எங்களிடம் பழகிய மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனது. அதில் ஒருத்தி கோல் காப்பவள். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது போனாள். மிச்சம் இருந்தவர்களை வைத்து ஆடி, எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். இரண்டு சின்னப் பிள்ளைகள் அதோடு பந்தைத் தொடுவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

மெல்பேர்ணில் இருக்கும் சித்தி மகள் ஒரு விஷயம் சொன்னாள். அங்கே பெண்களுக்கான அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத் தொடர், ஏ.எஃப்.எல்.டபிள்யூ. என்பது எட்டு அணியோடு தொடங்கி இப்போது பதினெட்டு அணியாம். அந்தப் பத்துப் புது அணிக்கும் ஆட்களை எப்படிக் கொடுத்தார்கள்? பழைய அணியில் இருந்து எடுக்க விதி இருந்ததா? இழந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? ஞாயிற்றுக்கிழமை ஐந்து தோட்டமும் கூடிப் பேசப்போகிறோம். கையில் எதையாவது எழுதிக்கொண்டு போக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டகலை_டண்டினோங் எழுதியது:

தங்கச்சி, நான் கொட்டகலையில் பிறந்தவள். இப்போது மெல்பேர்ணுக்குப் பக்கத்தில் டண்டினோங்கில் இருக்கிறேன், முதியோர் இல்லத்தில் வேலை. கூட வேலை செய்யும் ஒரு பெண் இந்த ஆட்டத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். அன்றிலிருந்து விடாமல் பார்த்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. பந்து முட்டை வடிவம், மைதானமும் நீள்வட்டம். பெண்கள் தொடரில் களத்தில் ஒரு பக்கம் 16 பேர், ஆண்களுக்கு 18. ஒரு கழகத்தின் பட்டியலில் 30 பேர் வேண்டும். புதுக் கழகம் என்றால் அந்த முப்பது பேரையும் ஒரே வருஷத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். எட்டுப் பத்துப் பிள்ளைக்கு நீங்கள் படும் பாட்டை முப்பதுக்கு நினைத்துப் பாருங்கள்.

2017இல் எட்டுக் கழகத்தோடு தொடங்கினார்கள். எல்லாமே புதுசு, யாருக்கும் முன்னுரிமை இல்லை. ஆரம்பத்தில் ஒவ்வொரு கழகத்துக்கும் இரண்டு நட்சத்திர வீராங்கனைகள். மெல்பேர்ணுக்கு டெய்சி பியர்ஸ், கார்ல்டனுக்கு டார்சி வெசியோ, பிரிஸ்பேனுக்கு டெய்லா ஹாரிஸ், இப்படி. முதல் நட்சத்திரத்துக்கு 27,000 டொலர், பெரும்பாலான மற்றவர்களுக்கு 8,500. மிச்ச இடங்களை நிரப்ப ட்ராஃப்ட் வைத்தார்கள், அதாவது கழகங்கள் வரிசையாக நின்று ஒவ்வொருவராகத் தெரிவு செய்வது. முதல் ட்ராஃப்டில் முதல் பெயர் நிக்கோலா பார்.

உங்கள் கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது. 2019இல் நோர்த் மெல்பேர்ணும் ஜீலோங்கும் சேர்ந்தன. 2020இல் கோல்ட் கோஸ்ட், ரிச்மண்ட், சென்ட் கில்டா, வெஸ்ட் கோஸ்ட். 2022 ஆகஸ்டில் எசென்டன், ஹோதோர்ன், போர்ட் அடிலெய்ட், சிட்னி. ஒவ்வொரு தடவையும் புதியவர்களுக்கென்று முதலில் ஒரு காலம் ஒதுக்கினார்கள். அந்தக் காலத்தில் பழைய கழகத்தில் இருப்பவர்களோடு பேசி ஒப்பந்தம் போடலாம். மற்றவர்கள் தங்களுக்குள் ஆள் மாற்றுவது அதற்குப் பிறகுதான். அந்த நாளில் ஒப்பந்தங்கள் ஒன்று இரண்டு வருஷத்துக்குத்தான். அதனால் போக நினைத்தவளைப் பிடித்து வைக்க வழி இருக்கவில்லை.

2019இல் சேர்ந்த இரண்டு கழகமும் வேறு வேறு பாதையில் போயின. நோர்த் மெல்பேர்ண் முதிர்ந்த ஆட்டக்காரிகளை எடுத்தது: சாம்பியன் அணியான வெஸ்டர்ன் புல்டோக்ஸில் இருந்து எம்மா கியர்னி, கொலிங்வூட்டில் இருந்து ஜாஸ்மின் கார்னர், எம்மா கிங். ஜீலோங் பெரும்பாலும் உள்ளூர் இளம் பிள்ளைகளை நம்பியது. அந்த வருஷம் நோர்த் 7 ஆட்டத்தில் 5 வென்றும் இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. ஜீலோங் 3 மட்டும் வென்று, 4 தோற்றும் இறுதிச் சுற்றுக்குப் போனது. காரணம் அணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, பிரிவுக்கு இரண்டு பேர் என்று வைத்ததுதான். ஜீலோங் அரையிறுதியில் அடிலெய்டிடம் 66 புள்ளியில் தோற்றது. ஐந்து அணி இருந்தால் பிரிக்காதீர்கள் தங்கச்சி, எல்லோரும் எல்லோரோடும் ஆடட்டும்.

இழந்தவர்கள் பட்ட பாடு பெரிது. கொலிங்வூட் அந்த வருஷம் ஒரே ஒரு ஆட்டம்தான் வென்றது. பிரிஸ்பேன் முதல் இரண்டு வருஷமும் இறுதிப் போட்டி வரை வந்த அணி. 2018க்குப் பிறகு நோர்த்துக்கு ஒரு கூட்டம் போனது, அடுத்த வருஷம் கோல்ட் கோஸ்டுக்கு இன்னொரு கூட்டம். ஆனால் பிரிஸ்பேனிடம் கீழே பிள்ளைகளைப் பழக்கும் வேலை நிற்கவில்லை. குயின்ஸ்லாந்தின் இளம் பிள்ளைகளை மேலே கொண்டுவந்து 2021இல் சாம்பியன் ஆனார்கள், 2023இல் மறுபடியும். உங்கள் அணியில் இரண்டு சின்னப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். போன மூன்று பேரை விட அந்த இரண்டு பேரைத்தான் முதலில் வீடு தேடிப் போய்க் கூப்பிட வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

ஆண்கள் தொடரில் இன்னும் இறுக்கமான விதி ஒன்று இருந்தது. 2011இல் கோல்ட் கோஸ்ட் வந்தபோது, ஒப்பந்தம் முடிந்தவர்களில் ஒரு பழைய கழகத்திடமிருந்து ஒருவரைத்தான் எடுக்கலாம். ஜீலோங்கின் கெரி ஏப்லட்டை அப்படித்தான் எடுத்தார்கள். இழந்த கழகத்துக்கு ஈடாக ட்ராஃப்டில் கூடுதல் தெரிவு கிடைத்தது. ஒரு அணியில் இருந்து ஒருத்தி மட்டும் என்பதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். போன வருஷம் இது இருந்திருந்தால் உங்கள் கோல் காப்பவள் போயிருக்கலாம், மற்ற இரண்டு பேர் இருந்திருப்பார்கள்.

இன்னொன்று. ட்ராஃப்டில் பெயர் கொடுக்கும் பெண், எந்த மாநிலத்தில் ஆட முடியும் என்று அவளே சொல்லலாம் என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். 8,500 டொலருக்கு யார் வேலையையும் வீட்டையும் விட்டு ஆயிரம் கிலோமீட்டர் போவார்கள்? தாதியர், ஆசிரியர், படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம். சம்பளம் ஏறிய பிறகு, 2024இல்தான் நாடு முழுவதற்கும் ஒரே ட்ராஃப்ட் வந்தது. நம் பிள்ளைகளுக்குச் சம்பளமே இல்லை. அப்படியானால் அவள் நடந்து போகிற தூரத்தை வைத்துத்தான் எந்த விதியும் எழுத வேண்டும்.

பண்டாரவளை_உடற்கல்வி எழுதியது:

மேலே எழுதிய சகோதரி சொன்னதில் பெரும்பாலானது சரி. நான் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன், ட்ராஃப்ட் விஷயத்தில் மட்டும் ஒரு மாற்றுக் கருத்து சொல்லவேண்டும். அங்கே பதினேழு பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவளைத்தான் தெரிவு செய்கிறார்கள், கையில் காசும் கொடுக்கிறார்கள். இங்கே பதினான்கு வயதுப் பிள்ளையை ஐந்து தோட்டத்து ஆண்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து "இவள் எனக்கு, அவள் உனக்கு" என்று பிரிப்பதை நான் பார்க்க விரும்பவில்லை. அப்படிச் செய்தால் தாய்மார் பிள்ளையை மைதானத்துக்கே அனுப்பமாட்டார்கள்.

என் யோசனை இது. பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சொந்தத் தோட்டத்து அணியில்தான் ஆட வேண்டும். அங்கே அணி இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டம். பதினாறுக்கு மேலே அவளே விரும்பியதைத் தெரிவு செய்யட்டும், ஆனால் மார்கழிக்கு முன்பு, எழுத்தில். சீசன் தொடங்கினால் யாரும் மாறக் கூடாது. தாய் தகப்பன் கையெழுத்து கட்டாயம். சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறவளின் இடம் காலியானால் அந்தக் காலத்துக்கு மட்டும் வேறு ஒருத்தியைச் சேர்க்க அனுமதியுங்கள், பரீட்சை முடிந்ததும் முதல்காரி திரும்பி வரட்டும். ஏ.எஃப்.எல்.டபிள்யூ.விலும் காயம் பட்டவர்கள், பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்களை ஒரு தனிப் பட்டியலில் வைத்துவிட்டு மாற்று ஆள் எடுக்க விடுகிறார்கள். இடம் பறிபோகாது என்று தெரிந்தால்தான் பெண் திரும்பி வருவாள்.

பூட்ஸ் விஷயம் இதைவிட முக்கியம். பூட்ஸ் காட்டிப் பிள்ளை பிடிப்பதை விதி எழுதி நிறுத்த முடியாது. ஐந்து அணியும் சேர்ந்து ஒரு பொதுப் பணம் வைத்து, எல்லாப் பிள்ளைக்கும் அதில் இருந்தே வாங்குங்கள். தோட்டத்துத் தலைவர்மாரிடமும் கடைக்காரர்களிடமும் அந்தப் பொதுப் பணத்துக்கே கேளுங்கள், தனித் தனி அணிக்குக் கேட்க வேண்டாம்.

மற்றது, ஏன் எல்லோரும் ஏற்கனவே உதைபந்து ஆடுகிற அதே பிள்ளைகளையே இழுக்கிறீர்கள்? அவுஸ்திரேலியாவில் எரின் ஃபிலிப்ஸ் கூடைப்பந்தில் இருந்து வந்தவர், முதல் வருஷமே தொடரின் சிறந்த வீராங்கனை. பிரையானா டேவி நாம் ஆடும் உதைபந்தில் அவுஸ்திரேலிய தேசிய அணிக்கு கோல் காத்தவர். கோரா ஸ்டாண்டன் அயர்லாந்தில் கேலிக் உதைபந்து ஆடியவர், முப்பதைக் கடந்த பிறகு சிட்னிப் பக்கத்து அணி ஒன்றில் வந்து சேர்ந்தார். நம் தோட்டங்களில் வலைப்பந்து ஆடும் உயரமான பிள்ளைகள் இருக்கிறார்கள், மட்டையால் பந்தடிக்கும் எல்லே ஆடும்போது ஓடிப் பிடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வலைப்பந்தில் கோல் காக்கும் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துங்கள், உயரப் பந்தை எப்படிப் பிடிக்கிறாள் என்று பாருங்கள். புது அணிகளுக்கு முதல் வேலையாக இதைச் சொல்லுங்கள்: பட்டியலில் பாதிப் பேராவது இதுவரை எந்த அணியிலும் ஆடாதவர்களாக இருக்க வேண்டும்.

அப்கொட்_ஏழாம்_நம்பர் எழுதியது:

அக்கா, நான் உங்கள் பக்கத்துப் பிள்ளைதான், உங்கள் அணி இல்லை. நானும் அணி மாறினவள். அதனால் எழுதுகிறேன்.

என்னை யாரும் பூட்ஸ் கொடுத்துக் கூப்பிடவில்லை. முந்தைய அணியின் மைதானத்தில் இருந்து எங்கள் லயத்துக்கு (தோட்ட வீட்டு வரிசைக்கு) வர தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதைதான் இருக்கிறது. ஆறு மணிக்கு மேல் இருட்டு, மழை பெய்தால் அட்டை, வழியில் நாய். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் நான் வந்திருக்கமாட்டேன். ஒரு நாள் டோர்ச் எடுத்துக்கொண்டு பாதி வழி வந்துவிட்டார். அதற்குப் பிறகு அனுப்பவில்லை. மற்ற மைதானம் பஸ் ரோட்டு ஓரம். அங்கே சேர்ந்தேன். பழைய அணி அக்காமார் கோவில் திருவிழாவில் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஏன் போனாய் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு அணியில் இருந்து ஒருத்திதான் போகலாம் என்று வைத்தால், என் கதையும் இன்னொருத்தியின் கதையும் ஒரே வருஷம் வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது பிள்ளை வீட்டில் இருக்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு விளையாடுகிற பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஒவ்வொரு அணியில் இருந்தும் இரண்டு பேராவது. நாங்கள் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க வரமாட்டோம், பேச வருவோம்.

கொட்டகலை_டண்டினோங் எழுதியது:

ஏழாம் நம்பர் தங்கச்சி, நீ எழுதியதை வேலை இடைவேளையில் வாசித்தேன். நீ சொல்வது நியாயம். நான் சொன்ன ஒருத்தி என்ற அளவை, அணிக்காரர் போய் ஆள் கூப்பிடுவதற்கு மட்டும் வையுங்கள். தூரம், இருட்டு, வீட்டு நிலைமை என்று பிள்ளை தானாக மாறினால் அது கணக்கில் சேரக் கூடாது. சேர் சொன்ன பதினாறு வயது விதியிலும் இதற்கு ஒரு விலக்கு வேண்டும். இரண்டும் வேறு வேறு விஷயம், வேறு வேறாகவே எழுதுங்கள்.

அணி மாறினவளை வெறுப்பது இங்கேயும் இருந்தது. எரின் ஃபிலிப்ஸ் அடிலெய்டுக்கு மூன்று கோப்பை வென்று கொடுத்துவிட்டு, 2022இல் அதே ஊரின் எதிரி அணியான போர்ட் அடிலெய்டுக்குப் போனார். அவருடைய அப்பா கிரெக் ஃபிலிப்ஸ் போர்ட் அணியின் பெரிய ஆட்டக்காரர். புது அணிக்கு முதல் தலைவி அவர்தான். அவருக்குப் போக ஒரு காரணம் இருந்தது, ஊருக்கும் அது தெரியும். கியர்னியும் கார்னரும் நோர்த்துக்குப் போய் ஆறாவது வருஷம்தான் கோப்பையைத் தொட்டார்கள், 2024இல்.

மஸ்கெலியா_மைதானம் எழுதியது:

அக்கா, சேர், தங்கச்சி, மூன்று பேருக்கும் நன்றி. ஏழாம் நம்பர் தங்கச்சி, போன அந்த மூன்று பேரிடமும் ஏன் போனீர்கள் என்று நாளைக்கே கேட்கப்போகிறேன். கோல் காத்தவளின் வீடு எனக்குத் தெரியும், அவளுடைய தங்கச்சி என் முன்பள்ளியில்தான் இருக்கிறாள். நின்றுபோன இரண்டு சின்னப் பிள்ளைகளின் வீட்டுக்கும் போகிறேன்.

கூட்டத்துக்கு அணிக்கு இரண்டு பிள்ளைகள் வரட்டும் என்று மற்ற நான்கு தோட்டத்துக்கும் சொல்லிவிட்டேன். ஒரு தோட்டத்தில் மட்டும் "பிள்ளைகளுக்கு என்ன தெரியும்" என்றார்கள். அப்படியானால் நானும் வரவில்லை என்று சொன்னேன். பிறகு சரி என்றார்கள்.

இன்னும் ஒரு சந்தேகம் அக்கா. புது அணிக்குக் கொடுக்கும் முன்னுரிமையை எத்தனை வருஷத்துக்கு வைக்கலாம்? ஒரு வருஷம் போதும் என்று பழைய அணிக்காரர்கள் சொல்வார்கள்.

கொட்டகலை_டண்டினோங் எழுதியது:

ஒரு வருஷம் போதாது தங்கச்சி. சிட்னியைப் பாருங்கள். 2022இல் 10 ஆட்டம், பத்தும் தோல்வி. அதற்குப் பிறகு அந்த நான்கு புதிய கழகத்துக்கும் 2023இல் மறுபடி ஒரு முன்னுரிமைக் காலம் கொடுத்தார்கள். சிட்னி கொலிங்வூட்டில் இருந்து க்ளோயி மொலோயையும், கார்ல்டனில் இருந்து லூசி மெக்இவோயையும் எடுத்தது. அந்த வருஷமே இறுதிச் சுற்றுக்குப் போய் அங்கேயும் ஒரு ஆட்டம் வென்றது. ரிச்மண்டும் 2020இல் கேட்டி பிரென்னன், மொனிக் கொன்டி என்று பெயர் பெற்றவர்களை வைத்துக்கொண்டே 6 ஆட்டமும் தோற்றது. கோல்ட் கோஸ்ட் முதல் வருஷமே இறுதிச் சுற்றுக்குப் போனது, அடுத்த வருஷம் 9 ஆட்டத்தில் ஒன்றும் வெல்லவில்லை. முதல் வருஷத்துப் புள்ளி அட்டவணையை வைத்துப் புது அணியை அளக்க முடியாது.

இரண்டு சீசன் வையுங்கள். முதல் சீசனில் பழைய அணி ஒவ்வொன்றில் இருந்தும் ஒருத்தியைக் கூப்பிடலாம், அவள் சம்மதித்தால். இரண்டாவது சீசனில், வெற்றி இல்லாத புது அணி இருந்தால் அதற்கு மட்டும் இன்னும் ஒருத்தி. இழக்கும் பழைய அணிக்கு, எந்த அணியும் இல்லாத தோட்டப் பிரிவுகளில் (டிவிசன்களில்) இருந்து வரும் பிள்ளைகளை முதலில் சேர்க்கும் உரிமை கொடுங்கள். பழைய அணிக்காரர்கள் சண்டை பிடித்தால் இதைச் சொல்லுங்கள், அவர்களுக்கும் கையில் ஏதாவது கிடைக்க வேண்டும்.

பண்டாரவளை_உடற்கல்வி எழுதியது:

பெற்றோர் சம்மதப் படிவம் ஒன்று பாடசாலைக்காக நான் தயாரித்தது இருக்கிறது. ஒரு பக்கம்தான். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், பயிற்சி முடிந்தால் யாரோடு வீட்டுக்குப் போவாள், மருத்துவப் பிரச்சினை ஏதும் உண்டா. "யாரோடு வீட்டுக்குப் போவாள்" என்ற கேள்வியை ஏழாம் நம்பர் தங்கச்சி எழுதியதைப் பார்த்துத்தான் இன்று சேர்த்தேன். கீழே இணைக்கிறேன், உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றி, போட்டோக் கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். தாய்க்கு எழுத வராவிட்டால் வாசித்துக் காட்டிவிட்டு அதற்குப் பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

மஸ்கெலியா_மைதானம் எழுதியது:

கிடைத்தது சேர். அறுபது கொப்பி எடுக்கிறேன். கூட்டம் ஞாயிறு காலை பத்து மணி, பஸ் ரோட்டு ஓரம் இருக்கும் மைதானத்துக்குப் பக்கத்து வாசிகசாலையில் வைத்திருக்கிறோம், பிள்ளைகள் வெளிச்சத்திலேயே வீட்டுக்குப் போகலாம். முடிவானதை அன்று இரவே இங்கே போடுகிறேன்.